மகள் அழிக்காமல் விட்ட பெயர்

போன வருடம் சித்திரை விடுமுறையில், தெரணியகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டில் நடந்தது இது. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும் என் ஒரே மகள் வந்திருந்தாள். படிப்பு முடிந்ததும் இங்கேயே திரும்பி வருவாளா என்று கேட்க வேண்டும். வந்த நாளிலிருந்து எனக்கு வாய் வரவில்லை. அவளோ மடிக்கணினியை விட்டு நிமிரவில்லை. தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், சும்மா இருப்பேனா? பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

நம் உடலின் கலங்களுக்குள், அதாவது செல்களுக்குள், மைக்ரோ ஆர்என்ஏ என்று ஒரு சின்னத் துணுக்கு உண்டாம். திரையில் எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு எழுத்து. அது சில மரபணுக்களின் செய்தியில் போய் ஒட்டி, அவற்றை அடக்கிவிடுமாம். எவற்றை அடக்கும் என்பதை, எழுத்துப் பொருத்தம் பார்த்துக் கணினி ஊகித்துச் சொல்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு மரபணுப் பெயர்கள் வந்திருந்தன. அவள் அழித்துக்கொண்டே போனாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அதை ஏம்மா அழிக்கிற? முதலாவதா வந்த பேராச்சே! எட்டு எழுத்து அப்படியே பொருந்துது."

"பொருந்தினா மட்டும் போதாதுப்பா. நான் பாக்குறது இதயக் கலம். இந்த மரபணு இருக்கானே, இவன் செய்தி ஈரல்லதான் வருது. துணுக்கும் செய்தியும் ஒரே இடத்துல இல்லாட்டி எப்படி ஒட்டும்?"

"அப்ப அவ்வளவு பொருத்தம் இருந்து என்ன பிரயோசனம்?"

"ஆபீசுலயும் இப்படித்தான் நச்சரிச்சீங்களா? பாவம் அந்த மானேஜர் தொரை!"

சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாக, "பொருத்தம் இருந்தும் ஒரே இடத்துல இல்ல, நம்ம ரெண்டு பேரு கதைதான்னு சொல்லு" என்று வாயில் வந்துவிட்டது.

அவள் விரல் நின்றது. அந்தப் பெயரை அழிக்காமல், வேறொரு பக்கத்தில் தனியாக எடுத்து வைத்தாள்.

"இது இருக்கட்டும்பா. வேற நெலமையில ரெண்டும் ஒரே கலத்துல வரலாம். பாத்துட்டுத்தான் சொல்லணும்."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். நானும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருவாயா என்ற கேள்வியை அன்றும் கேட்கவில்லை.

மறு வாரம் போய்விட்டாள். இப்போது ஞாயிறுதோறும் அங்கிருந்து போன் எடுக்கிறாள். சாப்பாடு, மழை, என் இருமல் எல்லாம் பேசி முடித்த பிறகு, "அந்த ஈரல்காரன் என்ன ஆனான்?" என்று கேட்பேன்.

"இன்னும் இருக்கான்பா. அழிக்கல."

கேட்க வாய் வராத கேள்விக்கு அதையே பதிலாக வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு வரை இருந்துவிடுகிறேன்.