இங்கிலாந்து ராணியும் என் அழைப்பிதழும்

நெரவிப் பக்கம் நெல் மில் ஒன்று. மண்டபத்தூரில் மீன்காரர்களுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனி ஒன்று. காரைக்காலில், ஆடுகூட மேய யோசித்த உவர் நிலத்தில், கல்யாண மண்டபம் ஒன்று. மூன்றும் நான் கட்டியது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது; நான் அதை விட்டேன் என்றும் சொல்லலாம். மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது தண்ணீர் ஊறி நின்றது. "இங்க கல்யாணம் நடக்காது, தெப்பம்தான் விடலாம்" என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக் கல்யாணமெல்லாம் பிறகு அங்கேதான் நடந்தது.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவது வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எனக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் மில்லைப் பார்க்கிறான், இளையவன் மண்டபத்தை. இளையவன் பெண்டாட்டி பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். பள்ளியின் ஆண்டு மலருக்காகப் பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட ராணியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் அதைத் தன் புருஷனுக்கு வாசித்துக் காட்டினாள். நான் அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குப் போய் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கல்யாணமே பண்ணிக்கலியா அந்தப் பொண்ணு?" என்றேன்.

"இல்ல மாமா. பிரான்சு, ஸ்பெயின், சுவீடன்னு எல்லா நாட்டுலேருந்தும் பொண்ணு கேட்டு வந்தாங்க. வேணாம்னும் சொல்ல மாட்டா, சரின்னும் சொல்ல மாட்டா. வருஷக்கணக்கா இழுப்பா."

"கேட்டு வந்தவன் சண்டைக்கு வர மாட்டான்ல? பொழைக்கத் தெரிஞ்சவ."

"தனக்கு அடுத்து யாருன்னும் கடைசி வரைக்கும் வாயைத் திறக்கல மாமா. மந்திரிங்கல்லாம் தவிச்சுப் போயிட்டாங்க." சொல்லிவிட்டுப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

புரிந்துவிட்டது. பையன்கள் இரண்டு பேரும் மில்லையும் மண்டபத்தையும் எழுதிக் கொடுக்கச் சொல்லி என்னைக் கொஞ்ச நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். "அப்புறம் என்னாச்சு? அவ போனதும் அடிதடியா?"

சரித்திர டீச்சர், பொய் சொல்ல முடியவில்லை. "அது... ஸ்காட்லாந்து ராஜா வந்து அமைதியா உக்காந்துட்டாரு."

"அவ்வளவுதானே! இன்னும் ரெண்டு இடியாப்பம் வைம்மா."

பையன் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

மண்டபத்துக்கு மாடியில் புதுச் சாப்பாட்டுக் கூடம் கட்டி முடித்த சமயம் அது. திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் தயாராவதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. மண்டபத்துச் சமையல்காரர் சொன்னார். அந்த ராணி நாட்டுக்கு நாடு ஒற்றன் வைத்திருந்தாளாம். எனக்கு அடுப்படியில் ஒருவர் போதும்.

"ஐயா, மாதிரி வந்திருக்கு பாத்தீங்களா?" என்று போனில் படம் காட்டினார்.

தலைமை என்று மூத்தவன் பெயர். முன்னிலை என்று அவன் மாமனார் பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் சொல்தா என்போம். அதற்கும் கீழே, அடிமட்டத்தில், ஆசியுரை என்று நான்.

மேடை ஏறாதவர்களுக்கு இதன் கனம் தெரியாது. தலைமை என்றால் நடு நாற்காலி. வருகிறவன் போகிறவன் எல்லாம் முதலில் அவருக்குத்தான் கும்பிடு போட வேண்டும். ஆசியுரை என்பது, கைத்தாங்கலாக மேடை ஏற்றி, இரண்டு வார்த்தை பேசியதும் மைக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டிய ஆளுக்குப் போடுவது. படம் வேறு இந்த வயதில் எடுத்தது, கன்னம் ஒட்டிப்போய். எந்த பிளெக்ஸிலும் நாற்பது வயதில் கறுப்பு மீசையோடு எடுத்த படம்தான் என்று ஊரில் எல்லாக் கடைக்கும் உத்தரவு போட்டு வைத்திருக்கிறேன். ராணியும் அப்படித்தானாம், கிழவியான பிறகும் இளமுகத்தைத்தான் வரைய வேண்டும் என்று கட்டளை.

பெண்டாட்டியிடம் சொன்னேன். "மைக்கைக் கொடுத்தா சோறு ஆறுற வரைக்கும் விட மாட்டீங்க. அந்தப் பயத்துல போட்டிருப்பானுங்க" என்றாள். அவள் எப்போதும் எதிர்க்கட்சி.

கத்தியிருக்கலாம். கத்தினால் கிழவனுக்குக் கோபம் என்று மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள். மருமகள் வாசித்ததில் இன்னொரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. கோடைக்காலம் வந்தால் ராணி அரண்மனையைப் பூட்டிவிட்டு, பரிவாரத்தோடு பெரிய பிரபுக்கள் வீட்டுக்குப் போய்த் தங்கிவிடுவாளாம். வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது, கௌரவம். விருந்து, கூத்து, வேட்டை என்று செய்தே அந்த வீடு களைத்துப் போகும். களைத்தவன் சதி செய்ய மாட்டான்.

மறுநாள் காலையில் கிளம்பினேன். சீட்டாடுகிற நண்பர்கள் இருவர், மில் கணக்கப்பிள்ளை, சமையல்காரர் ஆகியோர் என் பரிவாரம். முதலில் மூத்தவன் வீடு.

அங்கேதான் சொல்தா சம்பந்தி இருக்கிறார். முள்கரண்டியால், சத்தமில்லாமல், நேரம் தவறாமல் சாப்பிடுகிற மனிதர்.

"வாங்க சம்பந்தி. எத்தனை நாள் இருப்பீங்க?"

"பார்ப்போம்," என்றேன். ராணி மாப்பிள்ளைகளுக்குச் சொன்ன பதில்.

நான் இருக்கும் இடம்தான் ஆபீஸ். நெல் விற்க வந்தவர்கள், ஐஸ் கேட்டு வந்த மண்டபத்தூர்க்காரர்கள் எல்லாரும் அங்கேயே வந்தார்கள். மூத்த மருமகள் டீ போட்டபடியே இருந்தாள். சம்பந்தியின் சாப்பாட்டு மேசையில் சீட்டுக் கச்சேரி. "ஏய், துருப்பு போட்றா!" என்று என் நண்பர் மேசையைத் தட்டும்போதெல்லாம் அவருடைய கண்ணாடித் தம்ளர் நடுங்கியது.

"கோவமாப்பா?" என்றான் மூத்தவன்.

"கோவமா? உங்களையெல்லாம் பாக்க வந்தேன்டா."

கடைசியில் சம்பந்திதான் சரணடைந்தார். "மாப்பிள்ளை, எனக்கு முன்னிலையும் வேணாம் பின்னிலையும் வேணாம். அவர் கேக்குறதைப் போட்டுக் குடுத்துடுங்க" என்று சமையலறையில் கெஞ்சியது எனக்கு நன்றாகக் கேட்டது.

அங்கிருந்து நேராக, அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்த இளையவன் வீடு. ஆட்டோவிலிருந்து சீட்டுக்கட்டுக்காரர்கள் பையோடு இறங்குவதைப் பார்த்ததுமே டீச்சர் வாசலில் நின்றுவிட்டாள்.

"மாமா, நான் எழுதினதை என் வீட்டுலேயே நடத்துறீங்களா?"

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா ராணி தங்கின வீட்டு அடுப்படி என்ன பாடுபட்டுச்சுன்னு ஒரு வரி இல்லையே. பக்கத்துலேருந்து பாரு."

சிரித்துவிட்டாள். ஆனால் வஞ்சிரம் முழுசும் வறுபட்டுத் தீர்ந்து, சமையல்காரர் அவள் குழம்பை ருசி பார்த்து "புளி தூக்கல்" என்று சொன்னபோது சிரிப்பு நின்றது. சாயங்காலமே பையன் புது அழைப்பிதழ் கொண்டுவந்தான். தலைமை, நான். கறுப்பு மீசையோடு.

விழாவில் பேசினேன். சோறு ஆறியது. மறைக்க என்ன இருக்கிறது?

பிறகு ஆண்டு மலர் வந்தது. அவள் கட்டுரையை எழுத்துக்கூட்டி முழுசும் படித்தேன். வாசலில் சிரித்துக்கொண்டே வரவேற்கும் பிரபுவின் மனைவி, உள்ளே போய் மீன் துண்டை எண்ணுகிறாள். சாப்பாட்டு மேசையில் அரசவைக்காரர்கள் சீட்டாடுகிறார்கள். குழம்பை ருசி பார்த்துக் குறை சொல்ல ஓர் ஆள். "நேர்ல பார்த்த மாதிரி இருக்கு டீச்சர்" என்று ஊரே மெச்சுகிறது. நேரில் பார்த்ததுதானே!

கடைசிப் பக்கத்தில் நன்றி. தலைமை ஆசிரியருக்கு, நூலகருக்கு, பொறுமை காத்த கணவருக்கு. பேப்பருக்குப் பின்னால் ஒளிந்ததற்குப் பெயர் பொறுமையா? என் பெயர் எங்கேயும் இல்லை.

கேட்டேன். "உங்களை எப்படி மாமா போடுறது? மாமனார் வந்து உக்காந்துகிட்டுப் போகவே மாட்டேன்னாருன்னா?"

ஆமாம், அதைத்தான் போடச் சொல்கிறேன். அந்தக் கட்டுரை மறுபடி எங்கே அச்சானாலும், நன்றி வரிசையில் முதல் ஆளாக, ராணி ஆண்ட விதத்தை வீடு தேடி வந்து நடத்திக் காட்டியவர் என்று என் முழுப்பெயர் வர வேண்டும். கறுப்பு மீசைப் படம் சேர்த்தால் ஆட்சேபணை இல்லை. ஆசி என்று மட்டும் போடக் கூடாது.

அதுவரை என் சீட்டாட்ட நண்பர்கள், மறுபடி அவள் வீட்டுக்குக் கிளம்பக் கட்டி வைத்த பையைப் பிரிக்கப் போவதில்லை.