கூகைக்கரடு குடியரசின் தலைமைச் சட்ட ஆலோசகர்

கைலாசநாதன் தன் முப்பத்துநாலு வருஷ வக்கீல் தொழிலில் நீதிபதி முன்னால் நின்றது மொத்தம் மூன்று முறை. மூன்றும் வாய்தா வாங்குவதற்கு. அதிலும் ஒருமுறை இவர் வாய் திறப்பதற்குள் நீதிபதி எழுந்து போய்விட்டார். மற்றபடி அவர் பிழைப்பு காளவாசலில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அறையில் நடந்தது. வங்கியில் கடன் கேட்பவர்களின் பத்திரங்களை வாங்கி, மூலப்பத்திரம் தொடங்கி வில்லங்கச் சான்று வரை முப்பது வருஷத்துக் கதையைத் தோண்டிப் படித்து, ஒன்பது பக்கத்துக்கு லீகல் ஒப்பீனியன் எழுதிக் கொடுப்பார். மேனேஜர்கள் எட்டுப் பக்கத்தைத் தள்ளிவிட்டுக் கடைசி வரியை மட்டும் பார்ப்பார்கள். மனுஷனுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே குறை அதுதான். சோற்றுக்குப் பஞ்சமில்லை, மரியாதைக்கும் பஞ்சமில்லை. சொன்னதைக் கேட்கத்தான் ஆளில்லை.

அப்படிப்பட்டவரைத் தேடி ஒரு நாட்டின் தலைமைச் சட்ட ஆலோசகர் பதவி வந்தது.

நாடு ரொம்பப் பெரிசில்லை. அழகர்கோவில் போகும் வழியில் ஐந்து ஏக்கர். நடுவில் கூகைக்கரடு. அதை மலை என்று சொன்னால் அழகர்மலை கோபித்துக்கொள்ளும், பாறை என்று சொன்னால் முத்திருளன் கோபித்துக்கொள்வார். முத்திருளன் கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். எங்கோ வெளிநாட்டில் ஒருவர் தன் பண்ணையைத் தனிநாடாக அறிவித்துக்கொண்ட வீடியோவைச் செல்போனில் பார்த்துவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அடுத்த வாரமே கூகைக்கரடு குடியரசு பிறந்துவிட்டது. முத்திருளன் ஜனாதிபதி. குடும்பத்தில் பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே ஆள் என்பதால் மனைவி முனீஸ்வரி வெளியுறவு மந்திரி. மச்சினன் அருள்பாண்டி பாதுகாப்பு மந்திரி, ஏனென்றால் நாய் அவனுடையது.

"நாடுன்னா அதுக்கு ஒரு பெரிய வக்கீல் வேணும்ல சார்," என்று முத்திருளன் காளவாசல் மாடிப்படி ஏறி வந்து கேட்டார். "எங்க பட்டறை லோனுக்கு நீங்கதான் ஒப்பீனியன் எழுதுனீங்க. இம்புட்டு வருஷத்துல ஒரு வில்லங்கமும் வரல."

கைலாசநாதன் முதல் ஆலோசனையை அங்கேயே சொன்னார். தனிநாடு என்று வெளியில் மூச்சு விட்டால் போலீஸ் வரும், அதனால் மனமகிழ் மன்றம் என்று சங்கப் பதிவு செய்துகொண்டு, நாட்டை உள்ளுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். முத்திருளன் அப்படியே செய்தார். உலகத்திலேயே மனமகிழ் மன்றமாகப் பதிவான குடியரசு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஞாயிறுதோறும் கைலாசநாதன் ஸ்கூட்டரில் நாட்டுக்குப் போய் வந்தார். வேலைக்குக் குறைவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆடு வேலி தாண்டி வந்தால் அது படையெடுப்பா, அகதியா? ஆறு பக்கம் எழுதினார். மயில்கள் கடலைச் செடியைக் கொத்திக் குதறியபோது, கவட்டை வில்லால் அடிக்கலாமா என்று பாதுகாப்பு மந்திரி கேட்டான். 'மேற்படி மயில் நமது அண்டை நாடான இந்தியாவின் தேசியப் பறவை. கை வைத்தால் இரு நாட்டு உறவு கெடும். ஜெயிலும் கிடைக்கும்' என்று எழுதினார். அதை வேப்பமரத்தடியில் மந்திரிசபை கூடி முதல் வரியிலிருந்து கடைசி வரை கேட்டது. நடுவில் யாரும் எழுந்து போகவில்லை. அன்றைக்கு வீடு திரும்பும்போது ஸ்கூட்டரிலேயே பாடிக்கொண்டு வந்தார்.

அவர் மனைவி ஸ்யாமளாவுக்கும் பதவி பிடித்துவிட்டது. கோவிலில் கேட்பவர்களிடம், "சின்ன நாடுதான், ஆனா மரியாதையான நாடு," என்பார். எத்தனை ஏக்கர் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது முதலாம் ஆண்டு குடியரசு விழா வந்தது. அதற்குள் ஒரு அரசியல் சட்டம் வேண்டும், அதன் முதல் பிரிவில் நாட்டின் நிலம் முழுவதும் ஜனாதிபதிக்கே பாத்தியப்பட்டது என்று இருக்க வேண்டும், தலைமைச் சட்ட ஆலோசகர் அதற்கு ஒப்பீனியன் எழுதி விழாவில் வாசிக்க வேண்டும் என்றார் முத்திருளன்.

வேறு நாட்டு வக்கீலாக இருந்தால் சரி என்று எழுதிவிட்டுப் பாயசம் குடித்திருப்பார். கைலாசநாதனுக்குக் கை பழகின பழக்கம். "நாட்டோட மூலப்பத்திரத்தைக் கொண்டாங்க. முப்பது வருஷத்துக்கு வில்லங்கமும் போடணும்," என்றார்.

பத்திரங்கள் வந்தன. படித்தார். மறுபடியும் படித்தார். நிலம் முத்திருளனின் அப்பா பெரியகருப்பன் வாங்கியது. உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். வாரிசுச் சான்றில் இரண்டு பேர்: மகன் முத்திருளன், மகள் அழகம்மாள். பட்டாவை மட்டும் முத்திருளன் தன் பேருக்கு மாற்றி வைத்திருந்தார். தங்கச்சி தன் பங்கை விட்டுக்கொடுத்து ஒரு காகிதமும் எழுதவில்லை. ஆக நாட்டில் பாதி, திருமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டுப் போன அழகம்மாளுடையது.

அண்ணனும் தங்கையும் பேசி ஆறு வருஷம். அழகம்மாள் மகன் கல்யாணத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸில் தாய்மாமன் படத்தைவிடச் சித்தப்பன் படம் பெரிசாக இருந்ததாம். மதுரையில் இதற்குமேல் பெரிய குற்றம் கிடையாது.

கைலாசநாதன் முத்திருளனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அது பழைய கதை சார். மொத எட்டுப் பக்கத்துல நீங்க என்னத்த வேணா எழுதுங்க," என்றார் முத்திருளன். "கடைசி வரிய மட்டும் நல்லபடியாப் போட்டுருங்க."

கைலாசநாதனுக்கு அது சுருக்கென்று தைத்தது. மறுத்துப் பேசினால் பதவி போகும். வேப்பமரத்தடி போகும். அங்கே காது கொடுத்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் போவார்கள். இந்த வயதில் வேறு எந்த நாடு கூப்பிடப்போகிறது? மூன்று நாள் பேனாவைத் திறக்கவில்லை. நாலாம் நாள் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடி ஒன்பது பக்கம் எழுதினார்.

விழா அன்று குடம் போட்ட கொடியை ஏற்றினார்கள். நாய் குரைத்தது, அதை மரியாதைக் குண்டுச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள். கைலாசநாதன் எழுந்து படித்தார். ஏழாம் பக்கத்தில் அழகம்மாள் பேர் வந்ததுமே முத்திருளன் மீசை துடித்தது. ஒன்பதாம் பக்கம் முடிந்தபோது எழுந்துவிட்டார்.

"உங்கள நீக்கியாச்சு சார். கெளம்புங்க."

"கெளம்பறேன்," என்றார் கைலாசநாதன். "ஆனா நாடு கூட்டுச் சொத்து. ஒரு பங்குதாரர் மட்டும் போட்ட உத்தரவு செல்லாது. இன்னொரு பாதிக்காரரும் கையெழுத்துப் போடணும்."

மந்திரிசபை ஜனாதிபதி முகத்தைப் பார்த்தது. ஜனாதிபதி கரட்டைப் பார்த்தார். முனீஸ்வரிதான் போனை எடுத்து நாத்தனாரைக் கூப்பிட்டுப் புருஷன் காதில் வைத்தார். ஆறு வருஷம் கழித்து அண்ணன் தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை, "ஒரு ஆள நீக்கணும், வா," என்பதுதான்.

அழகம்மாள் ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். வழியெல்லாம் பயந்தே வந்திருப்பார் போல. "என்னண்ணே, யாருக்கு என்ன?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் உட்காரவில்லை. "அவரு என்ன எழுதுனாருன்னு முழுசாப் படிக்கச் சொல்லு, கேப்போம்."

கைலாசநாதன் முதலிலிருந்து படித்தார். 'காலஞ்சென்ற பெரியகருப்பன் அவர்களின் மகளும் சரிபாதி உரிமைதாரருமான அழகம்மாள்' என்ற இடத்தில் அந்தம்மா கையைத் தூக்கினார்.

"அத இன்னொருக்கா படிங்க சார்."

படித்தார். அழகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து முத்திருளன் தேன் தடவினாற்போலப் பேசினார். "நீ ஒம் பங்க விட்டுக்குடுத்து ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டீனா முடிஞ்சுபோச்சுல்ல தாயி."

"அண்ணன் கேட்டா குடுக்க வேண்டியதுதான?" என்ற அழகம்மாள் வக்கீல் பக்கம் திரும்பினார். "இல்லையா சார்?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். 'அது உங்க இஷ்டம்மா' என்று சொல்லியிருந்தால் பதவி அப்போதே திரும்பி வந்திருக்கும். அவருக்கும் அது தெரியும்.

"குடுக்காதீங்கம்மா," என்றார். கடைசி வரி மட்டும், ஒன்பது பக்கம் இல்லாமல்.

"நீங்க யாருக்கு வக்கீலு?" என்று முத்திருளன் கத்தினார். "எனக்கா, அவளுக்கா?"

"நாட்டுக்கு."

அழகம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "சரிங்க சார். குடுக்கல," என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "அந்த நீக்குற பேப்பர வேணாக் குடு, கையெழுத்துப் போடுறேன். ஆசப்பட்டுக் கூப்புட்டுட்ட," என்றார்.

நீக்க உத்தரவை எழுத நாட்டில் வேறு ஆளில்லாததால் கைலாசநாதனே எழுதினார். இரண்டு பங்குதாரர்களும் கையெழுத்துப் போட்டார்கள். முழுக்கச் செல்லும். அண்ணனும் தங்கையும் ஒரே பாயில் உட்கார்ந்து, அந்த ஃப்ளெக்ஸ் படத்தின் அளவைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தபோது அவர் ஸ்கூட்டரை உதைத்தார். முனீஸ்வரி ஒரு தூக்குவாளியில் பாயசம் கொடுத்தனுப்பினார்.

"பதவி போயிடுத்து," என்று வாசலிலேயே ஸ்யாமளாவிடம் சொன்னார்.

"ஐயோ, இனிமே கோவில்ல கேட்டா என்ன சொல்றது?"

"முன்னாள்னு சொல்லு. இந்த ஊர்ல அதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி."

ஸ்யாமளா அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "வேலை போனதுக்கா இப்படிச் சிரிக்கறேள்?"

"அந்தம்மா கேட்டா ஸ்யாமளா," என்றார் கைலாசநாதன். "நான் சொன்னேன். அவ அப்படியே கேட்டா."