வலியா, கோபமா?

தாயில்பட்டித் தங்கச்சாமி சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கும் பசி எடுக்கும் என்பார்கள். அப்படிப்பட்ட மனுஷன் இப்போது தன் எச்சிலை விழுங்கவே பயந்து, தோளில் கிடக்கும் துண்டில் துப்பிக்கொண்டிருந்தார். அந்தத் துண்டை அவர் பெண்டாட்டி குருவம்மாள் தினமும் இரண்டு தடவை துவைத்துப் போட்டாள்.

விழுங்கினால் போதும், இடப்பக்கத் தொண்டையில் ஷாக் அடித்த மாதிரி ஒரு வலி கிளம்பிக் காது வரைக்கும் பாயும். கொஞ்ச நேரத்தில் போய்விடும். அடுத்த வாய்க்கு மறுபடி வரும். பேசினாலும் வரும், கொட்டாவி விட்டாலும் வரும். அவரோ வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து சலித்துக் கலக்கும் ஆள். கேட்கவா வேண்டும்? "தூசி உள்ள எறங்கிருச்சு மாமா, வாழப்பழம் தின்னுங்க, சரியாப் போகும்" என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். குருவம்மாளும் அதை நம்பிச் சீப்புச் சீப்பாய் வாங்கிப் போட்டாள். அவர் முகத்தைத் திருப்பினால், "பச்சப் புள்ளையா நீங்க?" என்று ஏசினாள்.

ஒரு நாள் அவள் வாய்க்குப் பயந்து ஒரு துண்டு பழத்தை விழுங்கினார். கண் செருகியது. உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து, ஒன்றுமே நடக்காதவர் மாதிரி "என்ன புள்ள?" என்றார்.

பாவி, என் கையாலேயே கொடுத்தேனே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய பயம் அப்புறம்தான் வந்தது. விழுந்தது வீட்டில், சரி. கையில் சல்லடையோடு கம்பெனியில் விழுந்தால்? ஒரு உரசல் போதுமே! அங்கே பக்கத்து அறையில்தான் அவர்கள் தெரு வேல்விழி வேலை பார்க்கிறாள், கைக்குழந்தைக்காரி.

"வெளிய சொன்னே, வேலை போயிரும்" என்று அவர் குருவம்மாளை அடக்கிவிட்டார். வேலை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சமாளித்தார். கம்பெனி வேன் திரும்பும்வரை குருவம்மாளுக்கு உயிரே இருக்காது. தூரத்தில் எங்காவது டமார் என்று கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள்.

சிவகாசியில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பார்த்தார்கள். பல் போனதுதான் மிச்சம். கடைசியில் மதுரையில் ஒரு நரம்பு டாக்டரம்மா, தொண்டைக்குள் மரத்துப்போகிற ஸ்ப்ரே அடித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். தங்கச்சாமி இடக் காதைப் பொத்திக்கொண்டே ஒரு மடக்குக் குடித்தார். வலி இல்லை. டம்ளரைக் காலி செய்துவிட்டு, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் விசும்பி விசும்பி அழுதார்.

"தூசியும் இல்ல, பல்லும் இல்ல. தொண்டைக்குப் போற நரம்புல வர்ற வலி இது, ரொம்ப அபூர்வம். பக்கத்துல ஓடுற ரத்தக்குழாய் அதை அழுத்தலாம், ஸ்கேன்ல பார்ப்போம். சிலருக்கு வலியோட நெஞ்சுத் துடிப்பும் கொறஞ்சு மயக்கம் வரும். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுவோம். தூக்கம் வரும், தலை சுத்தும். அதுக்கும் அடங்கலேன்னா ஆபரேஷன் இருக்கு. ஆனா வெடிமருந்துப் பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

மருந்துக் கடைக்காரர் சும்மா இருக்கக்கூடாதா? "வலிப்புக்கும் இதே மாத்திரைதான்" என்று சொல்லித் தொலைத்தார். "வலிப்புக்காரன்னு பேரு வந்தா எந்தக் கம்பெனில சேப்பான்?" என்று பஸ்ஸில் ஊர் வரும்வரை முனகினார் தங்கச்சாமி.

மறுநாள் காலையில் மாத்திரை அட்டை பிரிக்காமலேயே கிடந்தது. ஆள் வேனுக்குப் போய்விட்டிருந்தார்.

குருவம்மாள் தலைதெறிக்க ஓடினாள். போர்மேன் காளீஸ்வரன் வேன் கதவருகே நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். "அண்ணே, இவுகள உள்ள விடாதீக! விழுங்கினா மயக்கம் போட்டு விழுறாக. டாக்டரு போகவே கூடாதுன்னுட்டாக!"

வேனுக்குள்ளிருந்து வேல்விழி அவளையே பார்த்தாள்.

"ஏ புள்ள, ஒனக்கென்ன..." என்று கத்த வாயெடுத்த தங்கச்சாமி, வலி வெட்டி, காதைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காளீஸ்வரன் அவருடைய சோற்றுத் தூக்கை எடுத்துக் குருவம்மாளின் கையில் கொடுத்துவிட்டு வேனைக் கிளப்பச் சொன்னார்.

அன்றோடு தங்கச்சாமியின் பேச்சு நின்றது. மாத்திரையை நீட்டினால் போட்டுக்கொள்வார். காளீஸ்வரன் அனுப்பிவைத்த பட்டாசுப் பெட்டி அட்டைகளை வீட்டிலிருந்தே மடித்து ஒட்டுவார். கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பேசினால் வலிக்கிறதா, இல்லை வீம்பா? கேட்டால் முகம் கொடுப்பதில்லை. மாத்திரைக்கு அடங்கவில்லையோ, ஆபரேஷன் என்று மண்டையைத் திறக்க வேண்டியதுதானோ என்று அவள் கும்பிடாத சாமி இல்லை.

ஒரு சாயங்காலம் ரேஷன் கடையிலிருந்து வரும்போது சந்து முனையிலேயே சத்தம் கேட்டது.

"ஏலே, எவன் ஆடுலே இது? காயப்போட்ட வத்தலப் பூராம் தின்னுட்டுப் போகுது! கட்டிப்போட்டு வளக்கத் துப்பில்லையா ஒங்களுக்கு?"

தெருவே அதிரும் குரல், அவருடையதுதான். ஒரு இடத்தில்கூட வலி வந்து அறுபடவில்லை.

குருவம்மாள் அரிசிப் பையோடு அங்கேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவள் எழுந்து வாசலுக்கு வந்ததைக் கண்டதும் தங்கச்சாமி டப்பென்று வாயை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கோவந்தானா!" என்றாள் குருவம்மாள். "அம்புட்டும் வெறும் கோவந்தானா! இருங்க, எம்புட்டு நாளைக்கு வேணும்னாலும் எங்கிட்டப் பேசாமயே இருங்க."