சிறகு நேராக இருந்தால்

எட்டு மணி நேரம்தான் கெடு. கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்த பெண் ஈ, ஆண் ஈ நெருங்கும் முன் தனிக் குப்பிக்குப் போய்விட வேண்டும். கெடு தப்பினால் எந்தப் பிள்ளைக்கு யார் அப்பன் என்று சொல்ல முடியாது. ஆராய்ச்சி அங்கேயே படுத்துவிடும். அதனால் காலை ஆறரை மணிக்கெல்லாம், எல்லோரும் 'ஈ அக்கா' என்று கூப்பிடும் ஆய்வக உதவியாளர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிடுகிறார். மயங்கிக் கிடக்கும் பழ ஈக்களை வெள்ளைத் தட்டில் கொட்டி, ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகையால் இடப்பக்கமும் வலப்பக்கமுமாகத் தள்ளுகிறார்.

"நீ இங்க. நீயும் இங்க. டேய், பொம்பளைங்க வரிசையில உனக்கென்னடா வேலை? அந்தப் பக்கம் போ."

பல்கலைக்கழகத்தின் உயிரியல் கட்டடத்தில், மாடிப்படியை ஒட்டிய ஜன்னலில்லாத அறை அது. சோளமாவும் ஈஸ்டும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய ஈக் கஞ்சியின் வாடை கதவைத் திறக்கும் முன்பே வந்து வரவேற்கும். சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டு முழுக்கக் குப்பிகள். குப்பிக்கு ஒரு வம்சம்: வெள்ளைக் கண் வம்சம், கறுத்த உடல் வம்சம், சிறகே முளைக்காத வம்சம். பத்து நாளில் முட்டை ஈயாகி, தானும் முட்டையிடத் தயாராகிவிடும் என்பதால் இங்கே தலைமுறை இடைவெளி என்று யாரும் அலுத்துக்கொள்வதில்லை.

பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர்கள் என்ன வேலை என்று கேட்டால், "ஈ ஓட்டறேன்" என்பார். பாவம், கடை படுத்துவிட்டது போல என்று அவர்கள் முகம் மாறும் வரை காத்திருந்து, "மாசச் சம்பளத்துக்கு" என்று சேர்த்துக்கொள்வார். பிறகு அவர்களுடைய காது மடலைப் பார்ப்பார். மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, தொங்குகிறதா, மடியிலிருக்கும் குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டம். எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு முறை சொல்லி, ஒரு தம்பதி இறங்கும் இடம் வரை பேசாமல் வந்ததைப் பார்த்ததிலிருந்து.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று யாராவது பழமொழி சொன்னால் அவருக்குப் பொறுக்காது. "தாய் பாதிதான். அதுலயும் எந்தப் பாதின்னு தாய்க்கே தெரியாது" என்பார். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்று கேட்ட துப்புரவு மேற்பார்வையாளரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, தலையில் உணர்கொம்புக்குப் பதில் கால் முளைத்த ஈயைக் காட்டினார். மனிதர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

எல்லாவற்றிலும் அவருக்குச் செல்லம், மூலையில் இருக்கும் பட்டினி வம்சம். ஒரு பேராசிரியர் வருடக்கணக்கில் ஒவ்வொரு தலைமுறையையும் பட்டினி போட்டு, தாக்குப்பிடித்தவற்றை மட்டும் இனம்பெருக வைத்தார். இப்போது அந்த வம்சத்தில் பிறப்பதெல்லாம் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டே பிறக்கின்றன, அசையவே யோசிக்கின்றன. ஈ அக்கா விருந்தாளிகளுக்கு அந்தக் குப்பியைத் தூக்கிக் காட்டுவார். "பட்டினி கிடந்த குடும்பம். ஒவ்வொண்ணும் எப்படி உருண்டையா இருக்கு பாருங்க. எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் இந்த வம்சம்தான்."

குளிர் அறைக்குள் போய்வருவதால் வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டை. அதன் பைகளில் குப்பி அடைக்கும் பஞ்சுருண்டைகள். தலைமுடிக்குள் ஒன்றிரண்டு ஈக்கள் வீடு வரை வந்துவிடும். கணவர் நகரப் பேருந்தின் ஓட்டுநர். பேச்சைச் சில்லறை போல எண்ணிச் செலவழிப்பவர். சாப்பாட்டு மேசையில் ஒரு ஈ வட்டமடித்தால், "உன் ஆளுங்க வந்திருக்காங்க" என்பார். அதோடு சரி. ஆனால் மனைவி தேநீர் ஊற்றும்போது மட்டும் அவர் கண் கோப்பையில் இருக்காது. ஊற்றுகிற கையில் இருக்கும்.

"என்ன பாக்கறீங்க? சிந்தலையேன்னு வருத்தமா?"

"சும்மாதான்."

சும்மா இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ஈ அக்காவின் அப்பாவுக்கு நாற்பத்தாறு வயதில் கை தானாக ஆடத் தொடங்கியது. பிறகு தோள், பிறகு நடை. கடைசியில் நாக்கும் நினைவும். அண்ணனுக்கு நாற்பத்திரண்டில். மருத்துவர்கள் அதை ஹன்டிங்டன் நோய் என்கிறார்கள். வீட்டில் அதற்கு வைத்த பெயர் 'ஆட்டம்'. பெற்றவரிடம் அந்த மரபணு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. வாங்கிக்கொண்டால் ஒருநாள் ஆட்டம் வரும். வாங்காவிட்டால் அந்தக் கிளையில் அதன் கதை முடிந்தது. பேரப் பிள்ளைகளுக்கும் பயமில்லை. ரத்தப் பரிசோதனை ஒன்றே போதும், தெரிந்துவிடும். ஈ அக்கா அதைச் செய்துகொள்ளவில்லை. வயது ஐம்பத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமைகள் அண்ணனுக்கு. அண்ணி ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், ஞாயிறும் உண்டு. ஈ அக்கா போய் அண்ணனுக்கு முகம் மழித்து, சட்டை மாற்றி, மசித்த உணவைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவார். தலை ஒருபக்கம் போகும் நேரம் பார்த்துக் கரண்டி மறுபக்கம் காத்திருக்க வேண்டும். மயக்கம் தெளியும் முன் ஈயைத் தள்ளுகிற கை, அதற்கும் பழகியிருக்கிறது. அண்ணன் முன்பு அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியவர். பேச்சு குழறினாலும் கேலி குழறவில்லை.

"ஆடாம இருண்ணே."

"நான் ஆடல. வீடுதான் ஆடுது. வீட்டுக்காரன்கிட்ட சொல்லு."

ஞாயிறு லீவு எடுப்பதற்கு ஈ அக்கா ஒரு வழி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூடு உடைக்கப்போகிற குப்பிகளை வெள்ளிக்கிழமை மாலையே குளிர் அறைக்கு மாற்றிவிடுவார். குளிரில் ஈயின் வளர்ச்சி மெதுவாகும். ஞாயிறு பிறக்க வேண்டியது திங்கள் பிறக்கும். எல்லா ஈ ஆய்வகங்களிலும் செய்வதுதான். அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் செய்தார்.

அந்த ஞாயிறு அண்ணன் வீட்டுக்கு ஈ அக்காவின் மகளும் வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். மாமாவின் வாயைத் துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவ வந்தவள் அம்மாவின் அருகில் நின்றாள்.

"அம்மா, நாங்க குழந்தை பெத்துக்கலாம்னு இருக்கோம்."

"நல்ல விஷயம்தானே. இதை ஏன் குழாயடியில சொல்ற?"

"நீ டெஸ்ட் எடுத்தா நல்லா இருக்கும்."

ஈ அக்கா தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தட்டு எப்போதோ சுத்தமாகிவிட்டது. "அப்பாவுக்கு நாப்பத்தாறு. அண்ணனுக்கு நாப்பத்திரண்டு. எனக்கு என்ன வயசு? வர்றதா இருந்தா வந்திருக்கும்டி. என் கையைப் பாரு." ஈரக் கையை நீட்டிக் காட்டினார். அது கல் மாதிரி நின்றது.

"நான் நேரா போய் என் ரத்தத்தைக் குடுத்துடலாம்மா. ஆனா எனக்கு இருக்குன்னு வந்தா, உனக்கும் இருக்குன்னு ஆயிடும். நீ கேக்காமலே உனக்குச் சொன்ன மாதிரி. உன்னைத் தாண்டிப் போய் அதைச் செய்ய எனக்கு மனசு வரல. அதான் உன்கிட்ட வந்து நிக்கறேன்."

"அப்போ நிக்காத. போய் மாமாவுக்குத் தண்ணி குடு."

மகள் தண்ணீர் கொடுத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

திங்கள் காலை ஈ அக்கா தூங்காத கண்ணோடு தட்டின் முன் உட்கார்ந்தார். அன்றைய வேலை ஓர் ஆராய்ச்சி மாணவருக்கானது. சிறகு சுருண்ட ஈக்களின் குப்பியிலிருந்து, நேர்ச் சிறகுள்ள பெண் ஈக்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சுருள் சிறகு ஓர் அடையாளம்: அதற்கான மரபணு இருந்தால் சிறகு படகு மாதிரி மேலே வளையும், இல்லையென்றால் நேராகப் படுத்திருக்கும். மாணவருக்கு வேண்டியது அது இல்லாத ஈக்கள். ஈ அக்கா நேர்ச் சிறகாகப் பார்த்துத் தள்ளினார். வழக்கத்தைவிட நிறையக் கிடைத்தன. "இன்னிக்கு உங்களுக்கு யோகம்" என்று குப்பியை மாணவரிடம் நீட்டினார்.

மாணவர், கல்யாணத்தை ஆராய்ச்சி முடியட்டும் என்று மூன்றாவது முறை தள்ளிப்போட்டிருப்பவர். தன் வசமிருந்த நேர்ச் சிறகு ஆண் ஈக்களை அவற்றோடு சேர்த்து, வழக்கமான சூட்டில் வைத்தார். பிறக்கிற பிள்ளைகள் அத்தனையும் நேர்ச் சிறகோடு இருக்க வேண்டும்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம், பிள்ளைகள் தட்டுக்கு வந்தன. ஈ அக்கா ஒரு தள்ளுத் தள்ளினார், நிறுத்தினார். படகு. இன்னொரு படகு. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஏராளமாகச் சுருண்டிருந்தன.

மாணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "எங்கேயோ வெளி ஈ ஒண்ணு உள்ள பூந்திருக்குக்கா. நான்தான் பஞ்சைச் சரியா வைக்கல போல."

ஈ அக்கா எழுந்துபோய் குளிர் அறைக் கதவைத் திறந்து, திரும்ப மூடிவிட்டு வந்தார்.

"வெளி ஈ இல்ல. நான் பண்ணினது. அந்த வெள்ளிக்கிழமை இதுங்க அம்மாக்களோட குப்பியைக் குளிர்ல வச்சேன்."

மாணவருக்கு ஒரு நொடியில் புரிந்தது. சுருள் சிறகு மரபணு குளிரில் தன்னைக் காட்டாமல் இருந்துவிடும். கூட்டுக்குள் சிறகு உருவாகும் நாட்களில் குளிர் பட்டால், மரபணுவைச் சுமக்கிற ஈயும் நேர்ச் சிறகோடு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வெளியே வரும். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே ஈ அக்கா சொல்லிக்கொடுப்பது இது. 'குளிர்ல பிறந்த நேர்ச் சிறகை நம்பாதே' என்பது அவருடைய வாசகம்தான். அன்று அவர் நினைப்பு குழாயடியில் நின்றுகொண்டிருந்தது.

"விடுங்கக்கா. திரும்பப் பண்ணினா மூணு வாரம். கல்யாணம் எப்படியும் தள்ளித்தான் போயிருக்கு."

தாய் ஈக்கள் தனிக் குப்பியில் இன்னும் உயிரோடு இருந்தன. ஈ அக்கா அவற்றை மயக்கித் தட்டில் கொட்டினார். சிறகுகள் கண்ணாடித் தகடு மாதிரி, குறையொன்றுமில்லாமல் முதுகோடு படிந்திருந்தன. தூரிகையால் ஒன்றைப் புரட்டினார். இன்னொன்றை. எதையும் எந்தப் பக்கமும் தள்ளவில்லை.

"இதுல எதுகிட்ட இருக்கு, எதுகிட்ட இல்லன்னு பார்த்துச் சொல்ல முடியுமா?"

கேட்ட கேள்வி மாணவருக்கு விசித்திரமாக இருந்தது. விடை அவருக்குத் தெரியாததா? விளையாட்டுக்குச் சோதிக்கிறார் என்று நினைத்து, தேர்வில் ஒப்பிப்பதைப் போலச் சொன்னார். "பார்த்துச் சொல்ல முடியாதுக்கா. ஒண்ணு, டெஸ்ட் பண்ணணும். இல்லன்னா அதோட குழந்தைங்க வளர்ற வரைக்கும் வெயிட் பண்ணி, அதுங்களைப் பார்த்துத் தெரிஞ்சுக்கணும்."

ஈக்கள் மயக்கம் தெளிந்து கால்களை உதறத் தொடங்கின. ஒன்று எழுந்து நடந்தது. ஈ அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு தட்டு ஈ முழுவதும் அவர் கண்ணெதிரே பறந்து போயிற்று.

அவர் கம்பளிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வராந்தாவுக்கு வந்தார். மகளுக்குப் போன் போட்டார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தாள்.

"கோவமா இருக்கியா?"

"இல்ல."

"இரு. இருந்தாத்தான் என் பொண்ணு. அந்த ஆஸ்பத்திரி எங்க இருக்கு, சொல்லு."

மரபணுப் பிரிவில் எடுத்த எடுப்பில் ஊசி போடுவதில்லை. முதலில் பேச வேண்டும், யோசிக்க அனுப்பிவிடுவார்கள், திரும்ப வந்தால் மறுபடியும் பேச வேண்டும். மாறி மாறி அதே கேள்விகள்: இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள், இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள். அந்தப் பிரிவின் ஆலோசகர் பொறுமைசாலி.

"இருந்தா, அண்ணனுக்கு ஊட்டற கை இருக்கற வரைக்கும் ஊட்டுவேன்" என்றார் ஈ அக்கா. "இல்லன்னா அழுவேன். அவனுக்கு வந்து எனக்கு வரலன்னா அழுகைதான் வரும். அதுக்கும் ஒரு டெஸ்ட் இருக்கா?"

ஆலோசகர் சிரிக்கவில்லை. தப்பித்தவர்களுக்கும் அழுகை வரும் என்று எல்லோரும் சொல்வதாகச் சொன்னார்.

ரத்தம் எடுத்த நாளில் கணவர் வேலைக்குப் போகவில்லை. மருத்துவமனை வாசலில் நின்று, வருகிற போகிற பேருந்துகளின் ஓட்டுநர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தார். மகள், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் ஆலோசனை அறைக் கதவருகே நின்றாள். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஈ அக்கா மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"முடிவை நீங்க மட்டும் தனியா கேக்கறதா இருந்தாலும் சரி. அது உங்க உரிமை" என்றார் ஆலோசகர்.

ஈ அக்கா பஞ்சை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த காலி நாற்காலியை மேசைக்கடியிலிருந்து வெளியே இழுத்து, கதவுப் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

முடிவு அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை, பத்தரை மணிக்கு.