பதினொன்றை அடித்துவிட்டு இருபத்திரண்டு

எங்கள் கெமிஸ்ட்ரி சார் கொடுக்கும் ஜெராக்ஸ் தாளின் அடியில், பொடி எழுத்தில், தலைகீழாக விடைகள் இருக்கும். கணக்கைப் போட்டு முடித்த பிறகு தாளைத் திருப்பிச் சரிபார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நாங்கள் முதலில் தாளைத்தான் திருப்புவோம். விடையைப் பார்த்துக்கொண்டு, அது வருகிற மாதிரி கணக்கை வளைப்போம். பிளஸ் ஒன் வகுப்பில் இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எந்த விடையைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு வழி பண்ணிவிடுவேன்.

என் பெஞ்சுக்காரி கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். மூன்று முறை வீட்டுப்பாடம் தப்பானால் அப்பாவைக் கூட்டிவர வேண்டும் என்பது சாரின் சட்டம். அவளுக்கு இரண்டு ஆகியிருந்தது. அவள் அப்பாவோ, "ஒரு தடவ ஸ்கூல்லேர்ந்து கூப்ட்டாலும் படிப்ப நிறுத்திடுவேன்" என்று சொல்லிவைத்திருந்தார். அதனால் சாரின் செருப்புச் சத்தம் கேட்டாலே பயந்துபோய் நோட்டை இன்னொரு முறை புரட்ட ஆரம்பித்துவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் ஓடிவந்து சேர்ந்தபோது மணி அடித்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே நோட்டைத் திறந்து காட்டினாள். இருபத்தைந்து கிராம் சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கினால் எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும் என்பது கணக்கு. தாளில் இருந்த விடை இருபத்திரண்டு.

"எனக்கு பதினொன்னுதான்டி வருது. மூணு தடவ போட்டுட்டேன்."

"கார்பன் டை ஆக்சைடுக்கு முன்னாடி ஒரு ரெண்டு போடு. வந்துடும்."

"ரெண்டு எங்கேர்ந்துடி வந்துச்சு?"

"அதெல்லாம் யாரு பாக்கப்போறாங்க? பதினொன்ன அடி."

அடித்தாள்.

சார் ஐந்தாவது நோட்டைத் திருத்தும்போதே நிறுத்திவிட்டார். "தாள்ல நான்தான் தப்பா டைப் பண்ணிட்டேன். பதினொன்னுதான் வரணும். உங்க எல்லாருக்கும் எப்படி இருபத்திரண்டு வந்துச்சு?" ஒவ்வொரு நோட்டாகப் புரட்டிக்கொண்டு எங்கள் பெஞ்சுக்கு வந்தார். அவள் நோட்டில் கோட்டுக்கு அடியில் பதினொன்று பளிச்சென்று தெரிந்தது.

"சரியா போட்டுட்டு அடிச்சிருக்க. யாரு அடிக்கச் சொன்னது?"

என் பெயரைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நானேதான் சார்," என்றாள்.

வகுப்பில் எல்லோருக்கும் ஒரு தப்பு எழுதிக்கொண்டார். அவளுக்கு அது மூன்றாவது. நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எழவில்லை. பயம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை.

மறுநாள் அவள் அப்பா, வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து, வகுப்பு வாசலில் நின்றார். இன்றோடு அவள் படிப்பு முடிந்தது என்று நினைத்தேன். சார் நோட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னார்.

"அப்ப மொதல்ல போட்டது கரெக்டுதானுங்களா?"

"கரெக்டுதான்."

அவர் மகளைப் பார்த்தார். "அப்புறம் ஏம்மா அடிச்ச?"

"பயமா இருந்துச்சுப்பா."

எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "போட்டது கரெக்டுன்னா படிக்கட்டுங்க சார்," என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் பையை எடுத்துக்கொண்டு முதல் பெஞ்சுக்குப் போய்விட்டாள். அந்த வருஷம் முழுக்க என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை, என் பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை.

இப்போது நான் செங்கம் சாலையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மெஷின் காட்டுகிற எண்ணை அப்படியே எழுதுகிறேன். சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன். அந்த அளவுக்குத் திருந்திவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில், "ஏய், நீதானே?" என்று ஒரு குரல் கேட்டது. அவளேதான். சிரித்துக்கொண்டே, கையை ஆட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். நான் போனைக் காதில் வைத்து யாரிடமோ பேசுகிறவள்போல, கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டேன். "எங்க போவணும்மா?" என்று கண்டக்டர் கேட்டார். அது எந்த ஊருக்குப் போகிற பஸ் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.