தட்டைப் பல்லு

சேந்தமங்கலத்துக் கடையில் தொங்கிய காலண்டர் படத்தில், கப்பலுக்குப் பக்கத்தில் நீண்ட மூக்குடன் ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. "கடல்பன்னிங்க," என்றார் கடைக்காரர். அது ஓங்கில், டால்பின் என்பார்களே, அது. கூச்சத்தில் நான் திருத்தவில்லை.

முதல் உலகச் சண்டையின்போது என் அண்ணன் கப்பல் அடுப்புக்குக் கரி அள்ளும் வேலைக்குப் போனார். விடுப்பில் எங்கள் மலை ஊருக்கு வந்தவர், கடலில் பன்றி பார்த்ததாகச் சொன்னதும் அம்மாவின் முகம் வெளுத்தது. எங்கள் அப்பா ராகிக் காட்டில் பன்றி குத்தித்தான் இறந்திருந்தார்.

"இனிப் போகாத சாமி."

அண்ணன் சிரித்தார். "ஓங்கிலுக்குத்தானுங்கம்மா மூக்கு நீளம், பல்லும் கூரு. அது கப்பல்கூடவே துள்ளி வரும். கடல்பன்னிக்கு மொட்டை மூஞ்சி, தட்டைப் பல்லு. நம்ம தம்பியாட்டம் கூச்சம் வேற. ஆளக் கண்டா ஒதுங்கிக்கும்."

"பன்னின்னா பன்னிதான் கண்ணு."

அண்ணன் போய்விட்டார். குண்டு பட்டுக் கப்பல் மூழ்கிவிட்டதாக அடுத்த மழைக்காலத்தில் ஆட்கள் வந்து சொன்னார்கள்.

அந்த வருடம் ராகி அறுத்து முடித்த பிறகும், சாயங்காலமானால் அம்மா வெறும் காட்டில் கிழக்கே பார்த்து நின்று, பன்றி விரட்டும் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பயிரே இல்லையேம்மா," என்றேன்.

"உங்கண்ணன் தண்ணிக்குள்ள கெடக்கறானே சாமி," என்றாள்.