பையில் பீஸ் கட்டை

நெய்யூர் எபிசன் உள்ளூர் கேபிள் டிவிக்காரர். பயந்த மனுஷன் என்று ஊரே சிரிக்கும். வயரைத் தொடும்முன் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கூட்டாளி முருகதாஸ் கம்பத்திலேயே கருகியதைப் பார்த்தவர் வேறென்ன செய்வார்?

பேரூராட்சிக் கூட்டத்தை நேரலையில் காட்டக் கூப்பிட்டார்கள். முந்தின நாளே, வழக்கம்போல் பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு கூட்ட அரங்கின் பொய்க்கூரைக்குள் ஏறினார். கேமராவுக்குக் கரண்ட் எடுக்க ஒரு வயரை வெட்டி, முனையைப் பல்லால் உரித்துத் துப்பினார். வயர் வாயைவிட்டு ஒரு சாண்கூட விலகியிருக்காது. கீழே மின்விசிறிகள் சுற்றத் தொடங்கின.

பையைத் தடவினார். கட்டை அங்கேதான் இருந்தது.

“ஏலே, யாருலே கரண்டைப் போட்டது?” என்று கத்தினார்.

“நாந்தாண்ணே,” கீழிருந்து பியூன் குமாரதாஸ் அன்பாகச் சொன்னான். “மேல வேர்க்கும்லா? அதான் ஜெனரேட்டரைப் போட்டேன்.”

மறுநாள் ஊரே கூட்டத்தை டிவியில் பார்த்தது. படம் ஏன் இந்த ஆட்டம் ஆடுகிறது என்று எபிசனுக்குப் போன் மேல் போன். அவர் எடுக்கவில்லை. கேமராவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.